ஒரு விளக்கை மினுக்குவோம்: ஆர்டுயினோ பலகையுடன் முதல் பாடவேளை

அடல் டிங்கரிங் ஆய்வகம் பெற்ற பள்ளிகளில் ஆர்டுயினோ பலகைகள் உள்ளன. ஆயினும் சில இடங்களில் அவை பீரோவை விட்டு வெளியே வருவதில்லை. மாணவர் கையில் கொடுத்தால் கெட்டுவிடுமோ என்ற தயக்கமே காரணம். ஆசிரியர் செய்துகாட்ட, மாணவர் சுற்றி நின்று பார்ப்பதோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. பலகையை எது கெடுக்கும், எது கெடுக்காது என்று ஆசிரியருக்குத் தெளிவாகத் தெரிந்தால் இத்தயக்கம் நீங்கும்.

ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் உருவானது. மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் எளிதில் பயன்படுத்தவே அது உருவாக்கப்பட்டது. ஆகவே கணினி ஆசிரியர்தான் இதை எடுக்க வேண்டும் என்பதில்லை. அறிவியல், கணித ஆசிரியர்களும் தயக்கமின்றி எடுக்கலாம்.

கற்றல் விளைவுகள்

8, 9, 10ஆம் வகுப்பு மாணவர்கள் எளிய மின்சுற்றை அமைப்பர். நிரலின் வரிகள் வரிசையாகச் செயல்படுவதை உணர்வர். விளைவை முன்கூட்டியே கணித்துச் சோதிப்பர்.

தேவையான பொருள்கள்

ஆர்டுயினோ ஊனோ பலகை, யுஎஸ்பி வடம், பிரெட்போர்டு, சிவப்பு எல்இடி, 220 ஓம் மின்தடை (சிவப்பு, சிவப்பு, பழுப்பு வளையங்கள்), இணைப்புக் கம்பிகள் இரண்டு, கணினி.

மின்தடை எதற்கு?

இதை ஓம் விதியோடு இணைத்து நடத்தலாம். பலகையின் முனை 5 வோல்ட் தருகிறது. சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்கிறது. மீதி 3 வோல்ட்டை 220 ஓமால் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர் வரும். ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பது நல்லது. மின்தடை இல்லாவிட்டால் இந்த வரம்பு மீறப்படும். கணக்கை மாணவர்களே கரும்பலகையில் செய்யட்டும்.

செய்முறை

1. கம்பிகளை இணைக்கும்போது யுஎஸ்பி வடம் கழற்றப்பட்டிருக்க வேண்டும்.
2. 13ஆம் எண் முனையிலிருந்து மின்தடைக்கும், அதிலிருந்து எல்இடியின் நீண்ட காலுக்கும் இணைக்கவும். குட்டைக் காலை ‘ஜிஎன்டி’ முனையில் இணைக்கவும்.
3. வடத்தைச் செருகி, ஆர்டுயினோ மென்பொருளில் பலகையின் வகையையும் போர்ட்டையும் தேர்ந்தெடுக்கவும்.
4. ஃபைல், எக்ஸாம்பிள்ஸ், பேசிக்ஸ் வழியாகச் சென்று ‘பிளிங்க்’ நிரலைத் திறந்து அப்லோடு செய்யவும்.

நிரலில் இரு பகுதிகள் உண்டு. ‘செட்டப்’ ஒருமுறை மட்டும் இயங்கும்; 13ஆம் முனை வெளியீட்டு முனை என்று அது அறிவிக்கிறது. ‘லூப்’ திரும்பத் திரும்ப இயங்கும். விளக்கை ஏற்று, 1000 மில்லி வினாடி காத்திரு, அணை, 1000 மில்லி வினாடி காத்திரு என்ற நான்கு கட்டளைகளே அதில் உள்ளன.

கணித்துச் சோதித்தல்

புதிய பலகைகள் பலவற்றில் இந்நிரல் முன்பே ஏற்றப்பட்டிருக்கும். ஆகவே விளக்கு மினுக்குவதோடு நிறுத்தாமல் எண்களை மாற்றச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அப்லோடு செய்யும் முன் விளைவைக் குறிப்பேட்டில் எழுதட்டும்.

அ) முதல் காத்திருப்பை 100 ஆகவும் இரண்டாவதை 1900 ஆகவும் மாற்றுக.

ஆ) இரண்டையும் 5 ஆக்குக. விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்கோ தொடர்ந்து, சற்று மங்கலாக எரிவதாகத் தோன்றும்.

இ) காத்திருப்புகளை மீண்டும் 1000 ஆக்கி, இரண்டாவது காத்திருப்பு வரியை மட்டும் நீக்குக. விளக்கு அணைவதே இல்லை என்று மாணவர் சொல்வர். உண்மையில் அணைந்தவுடன் லூப் மீண்டும் தொடங்கி ஏற்றிவிடுகிறது. அந்த இடைவெளியைக் கண் அறியாது. இந்த விளக்கத்தை மாணவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கலாம்.

எது கெடுக்கும்?

5 வோல்ட் முனையையும் ஜிஎன்டி முனையையும் கம்பியால் நேராக இணைத்தல், மின்தடையின்றி எல்இடி இணைத்தல், உலோக மேசைமீது பலகையை வைத்தல் ஆகியவை கெடுக்கும். மேற்சொன்ன சுற்றில் தவறான நிரல் எழுதினால் பலகைக்கு எதுவும் ஆகாது. இதிலுள்ள நுண்கட்டுப்படுத்தியில் 10,000 முறை நிரலை மாற்றி எழுதலாம். நாளொன்றுக்கு 20 முறை எழுதினாலும் 500 வேலை நாள்கள் ஆகும்.

விளக்கு எரியவில்லையா?

எல்இடியின் கால்கள் மாறியிருக்கலாம். கணினி பலகையை அறியவில்லை என்றால், வடம் கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே பயன்படும் வகையா எனப் பார்க்கவும். சில மலிவு விலைப் பலகைகளுக்குத் தனி டிரைவர் மென்பொருள் நிறுவ வேண்டும்.

ஒரே பலகை, நாற்பது மாணவர்

நால்வர் குழுவில் சுற்று அமைப்பவர், தட்டச்சு செய்பவர், கணிப்பைச் சொல்பவர், பதிவு செய்பவர் என்று பணி பிரிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பணிகள் சுழல வேண்டும். அவ்வாறு சுழற்றாவிட்டால் கம்பி மாணவன் கையிலும் குறிப்பேடு மாணவி கையிலுமே தங்கிவிடும். காத்திருக்கும் குழுக்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் டிங்கர்கேட் இணையதளம் வழியாக இதே சுற்றைத் திரையில் அமைத்துப் பார்க்கலாம்.

தொடர் செயல்பாடு

சத்துவாச்சாரி மாணவர்கள் வேலூர் நகரின் ஒரு சாலைச் சந்திப்பில், பெரியவர் துணையுடன் நின்று, சிக்னலில் ஒவ்வொரு நிறமும் எத்தனை வினாடி எரிகிறது என்று குறித்து வரட்டும். அந்நேரங்களைப் பத்தில் ஒரு பங்காக்கி மூன்று எல்இடிகளில் நிரலாக்கலாம். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் வீட்டில் இருந்தால், டிரம் எவ்வளவு நேரம் சுழலும், எப்போது நிற்கும் என்று கேட்டு வந்து அதையும் விளக்கின் நேரமாக மாற்றலாம். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டைப் பலகையோடு இணைக்க எந்த நிலையிலும் அனுமதிக்கக் கூடாது.

மதிப்பீடு

விளக்கு எரிந்ததா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். கணிப்பு என்ன, நடந்தது என்ன, வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்ற மூன்றையும் மாணவர் தம் சொற்களில் எழுதியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.