இல்லாத நாட்டுக்கு நில அளவை

புவியியல் வகுப்புக்காக மெல்லிய தாளை நிலப்படத்தின் மேல் வைத்துக் கடற்கரையைப் படியெடுத்திருக்கிறீர்களா? அதே வேலையைச் சிலர் இன்று கணிப்பொறியில் செய்கிறார்கள். அதுவும் உலகில் எங்குமே இல்லாத நாடுகளுக்கு! இல்லாத நாட்டின் படத்தில் பிழை வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

1974-இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளியாயிற்று. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதில் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் வழி தேடிப் போவார்கள். 1981-இல் இந்த ஆட்டத்திற்காக வந்த 'தி ஐல் ஆஃப் டிரெட்' என்ற சிறு நூலில் ஒரு கற்பனைக் கண்டத்தின் படம் இருந்தது. படம் முழுவதும் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டத்தின் அகலம் 24 மைல், அதாவது ஏறத்தாழ 39 கிலோமீட்டர்.

ஏன் 24? அந்த ஆட்டத்தின் விதிப்படி, சுமை அதிகமில்லாத மனிதன் சமவெளியில் ஒரு நாளில் நடக்கும் தூரம் அதுதான். ஒரு கட்டம், ஒரு நாள். படியெடுக்கும்போது ஓர் ஊர் ஒரு கட்டம் தள்ளி விழுந்தால் பயணிகளுக்கு ஒரு நாள் உணவு குறையும்! பிழையின் நஷ்டம் இப்போது தெரிகிறதல்லவா?

சதுரக் கட்டம் போட்டால் ஆகாதா? சதுரத்தின் நடுவிலிருந்து பக்கத்துச் சதுரத்தின் நடுவுக்கு 1 அளவு தூரம் என்றால், மூலையில் உள்ள சதுரத்துக்கு 1.41 அளவு. அறுகோணத்துக்கோ அண்டைக் கட்டங்கள் ஆறும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. தேனீக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை, நடப்பவனுக்கு வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். பழைய படத்தை முதலில் ஸ்கேனரில் வைக்கிறோம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்தால் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 12 புள்ளிகள் விழும். இது வெறும் புள்ளிக் கூட்டம். பெரிதாக்கினால் கோடுகள் படிக்கட்டாகத் தெரியும். ஆகவே 'இங்க்ஸ்கேப்' போன்ற ஒரு நிரலில் இதை அடியில் வைத்து, மேலே புதிய அடுக்கில் கடற்கரையை வரைகிறோம். கரை வளையும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்தால் போதும். இடையிலுள்ள வளைவை நிரல் கணக்கிட்டுக் கொள்ளும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மறுபடி கணக்கிடுவதால் கோடு உடைவதில்லை. ஆறு ஓர் அடுக்கு, மலை ஓர் அடுக்கு, ஊர்ப் பெயர் ஓர் அடுக்கு என்று பிரித்து வைப்பது நல்லது.

ஆனால் கரைக்கு முன் கட்டம்! இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே ஒரு கட்டத்தை அளந்து 5 மி.மீ. என்று முடிவு செய்கிறார்கள். உண்மை அளவு 5.1 மி.மீ. என்றால்? முதல் கட்டத்தில் பிழை கண்ணுக்கே தெரியாது. 60-ஆவது கட்டத்தில் அது 6 மி.மீ., ஒரு முழுக் கட்டத்தையும் தாண்டிவிட்டது! ஒரு தாளின் தடிமனை அறிய நூறு தாள்களைச் சேர்த்து அளந்து நூறால் வகுப்போமே, அதே தந்திரத்தை இங்கும் செய்யுங்கள். வரிசை முழுவதையும் அளந்து கட்டங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். படத்தின் நான்கு மூலைகளிலும் கட்டங்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே மற்றதைத் தொடங்குங்கள். மடிப்பு விழுந்த பழைய தாளாக இருந்தால் மடிப்பின் இருபுறத்தையும் தனித்தனியே பொருத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது இன்னும் சுவையான சிக்கல். 1987-இல் அதே கற்பனை உலகின் கரமீக்கோஸ் என்ற நாட்டுக்குத் தனி நூல் வந்தது. அதன் படத்தில் கட்டம் 8 மைல். 24 மைல் அறுகோணத்தின் பரப்பு சுமார் 499 சதுர மைல்; 8 மைல் அறுகோணத்துக்கு 55.4. ஆகவே பழைய கட்டம் ஒன்றின் இடத்தில் ஒன்பது கட்டங்களின் விவரம்! சிறிய அளவுப் படத்தில் நேர்கோடாக ஓடும் கரை, பெரிய அளவுப் படத்தில் குடாவும் முனையுமாக நெளியும். கரையின் நீளமும் கூடிவிடும். உண்மைக் கடற்கரைக்கும் இப்படித்தான். பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்ற கேள்வியை 1967-இல் எழுப்பிய மண்டல்பிராட், அளவுகோல் சிறுக்கச் சிறுக்க நீளம் பெருகும் என்று விளக்கினார்.

அப்படியானால் இரண்டு படங்களும் ஒட்டாத இடத்தில் எதை நம்புவது? பழையதைத் திருத்திவிடலாம் என்று கை துறுதுறுக்கும். திருத்தலாம், ஆனால் தனி அடுக்கில்! அச்சில் உள்ளபடி ஓர் அடுக்கு பிழைகளோடு அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்னால் பார்ப்பவருக்கு, அச்சிட்டவர் வரைந்தது எது, நீங்கள் வரைந்தது எது என்று தெரியாமல் போய்விடும்.

கணிப்பொறி இல்லையா? உங்கள் பள்ளி அட்லஸில் நார்வேயின் கரையை எடுங்கள். கவராயத்தை 2 செ.மீ. விரித்து, கரையோரமாக எட்டு வைத்து அளந்து நீளத்தைக் குறியுங்கள். பிறகு 1 செ.மீ., அதன் பிறகு அரை செ.மீ. மூன்று விடைகளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள்.