மேல்வீட்டு டைல்ஸ், கீழ்வீட்டுத் தூக்கம்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் எங்களுக்குச் சொந்த ஃபிளாட் இருக்கிறது. பழைய மொசைக் தரையை உடைத்துவிட்டு விட்ரிஃபைடு டைல்ஸ் போடப்போகிறோம். கீழ்வீட்டில் உடல்நலமில்லாத பெரியவர் ஒருவர் இருக்கிறார். “சத்தம் தடுக்கும் மேட் விரித்துத்தான் டைல்ஸ் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போவேன்” என்கிறார் அவருடைய மகன். எங்கள் மேஸ்திரியோ அது வீண்செலவு என்கிறார். மேட் போடச் சட்டத்தில் கட்டாயம் உண்டா? போடுவதென்றால் எதைப் போடுவது?
— வாசகி, சென்னை

பதில்: வீட்டுக்குள் டைல்ஸ் மாற்றுகிறவர் மேட் போட்டே ஆக வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இல் ஒலித்தடுப்பு பற்றித் தனிப் பகுதியே உண்டு. ஆனால் அது வழிகாட்டும் ஆவணம்தான். ஒலி மாசு விதிகள் 2000 குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அவை சுற்றுப்புறத்தின் பொதுவான இரைச்சலைக் கணக்கில் கொண்டவை. மாடியில் நாற்காலி இழுபடும் சத்தத்தை அளக்க ஏற்றவை அல்ல.

இதை வைத்து, ‘அப்படியானால் மேஸ்திரி சொல்வதே சரி’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். எழுதிய சட்டம் பேசாத இடத்தில் தனியார் தொல்லை என்ற உரிமையியல் கோட்பாடு இருக்கிறது. ஒருவர் தன் வீட்டை நியாயமாக அனுபவிப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் கெடுத்தால், தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்கலாம். இந்தக் கோட்பாடு ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து வந்தது. அதனால் இங்கிலாந்துத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் வாதத்தில் எடுத்துக்காட்டப்படுகின்றன.

அவற்றில் இரண்டை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1999இல் லண்டனின் சதர்க் நகராட்சி வழக்கில், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, சுவரும் தளமும் சரியாகச் சத்தத்தைத் தடுக்காத கட்டடத்தில் ஒருவர் இயல்பாக வாழ்வதால் எழும் ஓசை தொல்லை ஆகாது என்றது. 2018இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு வேறு மாதிரி. மேல்வீட்டைப் புதுப்பித்தபோது தரையை மாற்றியதால், சாதாரண நடமாட்டமே கீழ்வீட்டாருக்குத் தாங்க முடியாததாகிவிட்டது. அது தொல்லையே என்று தீர்ப்பாகி, ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டஈடும் விதிக்கப்பட்டது.

உங்கள் கேள்விக்கான விடை இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. உங்கள் வீட்டில் நீங்கள் நடப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் தரையை மாற்றி, அதனால் சத்தம் கூடினால் அதற்குப் பொறுப்பு உங்களுடையது. பழைய தரைக்கு அடியிலிருந்த கலவைப் படுக்கையையும் பெயர்த்து, கான்கிரீட்டின் மேல் பசையால் நேராக ஒட்டினால் சத்தம் முன்பைவிடக் கூட வாய்ப்புண்டு. வழக்கு வந்தால் உரிமையியல் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து நேரில் பார்வையிடச் சொல்லலாம். போட்டு முடித்த தரையைப் பெயர்ப்பதைவிட இப்போதே மேட் போடுவது மலிவு. எனவே போடுங்கள் என்பதே என் ஆலோசனை.

எதைப் போடுவது? டைல்ஸ் விறைப்பானது, அடியில் இருப்பது அமுங்கினால் டைல்ஸும் இணைப்புப் பூச்சும் விரிசல் விடும். ஆகவே மரத்தரைக்கு அடியில் விரிக்கும் மெல்லிய நுரை ஷீட் இதற்கு ஆகாது. டைல்ஸுக்கென்றே தயாரான அடர்த்தியான ரப்பர் மேட் அல்லது கார்க் ஷீட்டைக் கேளுங்கள். தளத்தின் மேல் நுரை விரித்து அதன்மேல் கனமான கலவைத் தளம் போடும் முறை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 40 மில்லிமீட்டர் கலவை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 80 கிலோ எடை ஏற்றும். பழைய கட்டடத்தில் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். கான்கிரீட் தளம் உங்கள் ஒருவருடையது அல்ல. கட்டடத்தையே தாங்கும் பாகம்.

கடைக்காரர் காட்டும் எண்ணைக் கவனித்துப் பாருங்கள். எஸ்.டி.சி. என்பது பேச்சு, டிவி போலக் காற்றில் வரும் சத்தத்துக்கான அளவு. காலடிச் சத்தத்துக்கு ஐ.ஐ.சி. வேண்டும், அது கூடக் கூட நல்லது. அந்த எண்ணும் எத்தனை அங்குலத் தளத்தில், கீழே ஃபால்ஸ் சீலிங் வைத்தா வைக்காமலா சோதித்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். வெறும் தளத்தோடு ஒப்பிட்டால் மேட் மட்டும் எவ்வளவு குறைத்தது என்று காட்டும் சோதனை அறிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள்.

நல்ல மேட்டும் ஓரத்தில் தோற்றுப்போகும். டைல்ஸோ ஸ்கர்ட்டிங்கோ சுவரையும் தரையையும் ஒருசேர இறுக்கிப் பிடித்தால், அதிர்வு அந்த வழியாக இறங்கிவிடும். சுவரோரம் முழுக்க இடைவெளி விட்டு, ஓரப்பட்டை வைத்து, மேலே சிமென்டுக்குப் பதிலாக சிலிகான் நிரப்பச் சொல்லுங்கள்.

இப்போது சட்டப் பாதுகாப்புக்கு வருவோம். முதலில் சங்கத்தின் துணைவிதிகளைப் படித்துப் பார்த்து, வேலையைப் பற்றி எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெறுங்கள். மேட்டின் பெயர், தடிமன், ஓர இடைவெளி எல்லாவற்றையும் ஒப்பந்தக்காரரோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மேட் விரித்ததும் டைல்ஸ் மூடுவதற்கு முன் தேதியுடன் படமெடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நியாயமான கவனத்தோடு நடந்தீர்கள் என்பதற்கு இவையே சாட்சி. ஒப்பந்தக்காரர் ஏமாற்றியிருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடவும் இவை உதவும்.

இன்னொன்று: இரவு 10 முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் சத்தமெழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்க ஒலி மாசு விதிகளில் தடை உண்டு. இது நேரடியான சட்டம். பெரியவர் ஓய்வெடுக்கும் நேரத்தைக் கேட்டு, பகலிலும் அந்த நேரத்தில் உடைக்கும் வேலையை நிறுத்தி வையுங்கள்.

வேலை தொடங்கும் முன் சோதனை அறிக்கையோடு நீங்களே கீழே போய் அவர் மகனிடம் காட்டிப் பேசுங்கள். அப்படியும் இணக்கம் வராவிட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம். வழக்கு போடாமலே மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால், அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடும் இல்லை. மேட், ஓர இடைவெளி, வேலை நேரம் மூன்றையும் அதில் எழுதிக் கையெழுத்திட்டால் இரு வீட்டுக்கும் அதுவே பாதுகாப்பு.