பழைய கேமராவில் எந்தக் குறை பரவாயில்லை?

அறிவியல் மன்றப் பக்கம்: ஒளியியல் பாடம்



சென்ற இதழில் குவி லென்ஸ் எப்படிப் பிம்பத்தை உருவாக்குகிறது என்று படித்தோம். இந்த இதழில் அந்த லென்ஸை மாட்டும் பெட்டியைப் பற்றிப் பார்ப்போம். கேமராக்காரர்கள் அதை ‘பாடி’ என்பார்கள். நான் சொல்லப்போவது புதுப் பாடி இல்லை, அறுபது வயதைத் தாண்டிய ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் பாடி. இதெல்லாம் இப்போ யாருக்கு வேணும் என்று கேட்காதீர்கள். நம் கணக்குப் புத்தகத்து முக்கோணம் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

மாமாவின் ‘லைக்கா’

என் மாமா ஆறு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது, ஒரு தெருச் சந்தையில் ‘லைக்கா’ கேமரா ஒன்றை வாங்கினார். ஜெர்மனியில் செய்தது, 1930களைச் சேர்ந்தது என்று விற்றவர் சொன்னாராம். அரை மாதச் சம்பளம் போனது. மாமா அதைப் பட்டுத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. திருகு லென்ஸ் போடும் பழைய லைக்காவில் லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தால், மேல் பக்கம் ஒரு சிறு கை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் சுழலும் உருளை இருக்கும். சோவியத் நாட்டில் அதே மாதிரியில் செய்த ஃபெட், ஸோர்க்கி கேமராக்களில் உருளை கிடையாது, வளைந்த தட்டையான நுனிதான் இருக்கும். அந்த ஃபெட், ஸோர்க்கிகளில் லைக்கா என்று பெயர் பொறித்து, தங்க நிறம் பூசி, முத்திரை அடித்து விற்பது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம்.

மாமா கேமராவைத் திறந்து பார்த்தேன். உருளை இல்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிட்டேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்ப ஆறு வருஷமா நான் துடைச்சு துடைச்சு வச்சது வேற கேமராவாடா?” என்றார்.

அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. போன மே மாதம் அவரைக் கேட்காமல் எடுத்து, லென்ஸ் மூடி போடாமல், மொட்டை மாடிச் சுவரில் வெயிலைப் பார்த்த மாதிரி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஷட்டர் துணியில் ஓட்டை விழுந்துவிட்டது. போலி செய்தது யாரோ, ஓட்டை போட்டது நான்.

மாமா திட்டவில்லை. ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் பணம் கொடுத்தார். “இந்தத் தடவை பேரைப் பார்க்காத. பொருளைப் பார்த்து நீயே வாங்கு.”

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன?

கட்டை விரலை மூக்குக்கு நேராக நீட்டிப் பிடியுங்கள். இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாற்றி மாற்றி மூடுங்கள். விரல் குதிக்கிறதா? தூரத்தில் இருக்கும் மரம் அவ்வளவாகக் குதிக்காது. கிட்டே இருந்தால் அதிகக் குதிப்பு, தள்ளி இருந்தால் குறைந்த குதிப்பு. இதை வைத்துத் தூரத்தைக் கண்டுபிடிப்பதே ரேஞ்ச்ஃபைண்டர்.

கேமராவின் முன்பக்கம் இரண்டு சன்னல்கள் இருக்கும். ஒன்றின் வழியாக நாம் நேராகப் பார்க்கிறோம். இன்னொன்றின் வழியாக வரும் பிம்பத்தைக் கண்ணாடிகள் திருப்பி, நம் பார்வையின் நடுவில் சிறு கட்டமாக விழச் செய்கின்றன. லென்ஸைத் திருகும்போது அந்தக் கட்டத்துப் பிம்பம் நகரும். இரண்டு பிம்பமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ் சரி.

முக்கோணக் கணக்கு

இரண்டு சன்னல்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அடிநீளம் என்போம். கோணத்தின் டேன் மதிப்பு = அடிநீளம் ÷ பொருளின் தூரம். அடிநீளம் 59 மி.மீ. என்றால்:

1 மீட்டரில் கோணம் சுமார் 3.4 டிகிரி
3 மீட்டரில் சுமார் 1.1 டிகிரி
10 மீட்டரில் சுமார் 0.34 டிகிரி

தூரம் கூடக் கூடக் கோணம் எவ்வளவு சின்னதாகிறது பாருங்கள். அதனால் அடிநீளம் பெரிதாக இருந்தால் நல்லது. வியூஃபைண்டர் பொருளை எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்பதும் முக்கியம். இரண்டையும் பெருக்கினால் வருவது பயன்படு அடிநீளம்.

லைக்கா எம்3: சுமார் 69 × 0.91 = சுமார் 63 மி.மீ.
லைக்கா எம்2: சுமார் 69 × 0.72 = சுமார் 50 மி.மீ.
கேனான் 7: 59 × 0.8 = சுமார் 47 மி.மீ.
கேனான் பி: 41 × 1 = 41 மி.மீ.
பெஸ்ஸா ஆர்: 37 × 0.68 = சுமார் 25 மி.மீ.

அப்படியானால் எம்3 தான் எல்லாருக்கும் நல்லதா? இல்லை. எம்3க்குள் 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்கு மட்டுமே சட்டக்கோடு தெரியும். அகலக் காட்சிக்கு 35 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவருக்கு 35, 50, 90 கோடுகள் உள்ள எம்2 தான் வசதி. 35 மி.மீ. லென்ஸில் தெளிவாக விழும் ஆழம் அதிகம் என்பதால் அடிநீளம் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. எந்த லென்ஸ் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் பாடியைத் தேட வேண்டும்.

கொஞ்சம் வரலாறு

ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தது. லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932இல் லைக்கா 2 மாடலில் வந்தது. அதே ஆண்டு ஸைஸ் ஐகான் நிறுவனத்தின் கான்டாக்ஸும் வந்தது. 1954இல் வந்த லைக்கா எம்3, திருகு மவுண்டை விட்டுவிட்டு, சட்டென்று மாட்டும் எம் மவுண்டுக்கு மாறியது. 1959இல் நிக்கான் எஃப் வந்த பிறகு, லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். பக்கம் பலரும் போய்விட்டார்கள்.

மவுண்டில் ஒரு அழகான கணக்கு உண்டு. லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை திருகு மவுண்டில் 28.8 மி.மீ., எம் மவுண்டில் 27.8 மி.மீ. வித்தியாசம் சரியாக 1 மி.மீ. ஆகவே 1 மி.மீ. கன வளையம் போட்டால் திருகு லென்ஸ் எம் பாடியில் உட்காரும். எம் லென்ஸைத் திருகு பாடியில் போட முடியாது. ஏன் என்று யோசியுங்கள்.

பெட்டிச் செய்தி: பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தம் வாழ்நாளில் பெரும்பாலும் லைக்காவும் 50 மி.மீ. லென்ஸும் வைத்தே படம் எடுத்தவர். ரமண மகரிஷி மறைந்த 1950 ஏப்ரலில் அவர் நம் திருவண்ணாமலையில் இருந்தார்.

மூன்று பாடி, ஒரு லென்ஸ்

எங்கள் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்து மூடிவிட்ட தாத்தா ஒருவர் இருக்கிறார். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த மூன்று பாடிகள் தாத்தாவிடம் இருந்தன: ஸோர்க்கி 4, கேனான் பி, கேனான் 7. மூன்றும் திருகு மவுண்ட். கூடவே ஒரு 35 மி.மீ. லென்ஸ்.

“எதை எடுத்தாலும் லென்ஸ் சேர்த்துத் தர்றேன் தம்பி. ஆனா மூணுலயும் ஒவ்வொரு குறை இருக்கு. கண்டுபிடிச்சு எடுத்துக்கோ” என்றார்.

நாங்கள் செய்த சோதனைகள் இவை. நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

1. கட்டம் தெளிவா? வியூஃபைண்டர் நடுவில் உள்ள கட்டம் பளிச்சென்று தெரிய வேண்டும். உள்ளே உள்ள கண்ணாடியின் பூச்சு மங்கினால் கட்டமும் மங்கும். எம்3இல் பட்டகத்தை ஒட்டிய பசை விட்டுப்போவதும் உண்டு. அதைச் சரிசெய்யச் செலவு அதிகம்.

2. முடிவிலிச் சோதனை. லென்ஸை முடிவிலியில் வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் கோபுரத்தைப் பாருங்கள். இரண்டு பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். பிறகு டேப் வைத்து 1 மீட்டர் அளந்து அங்கேயும் பாருங்கள். எந்தக் காரணத்துக்கும் சூரியனைப் பார்க்கக் கூடாது.

3. ஷட்டர் துணி. லென்ஸைக் கழற்றி, பின்மூடியையும் திறந்து, இருட்டறையில் விளக்குக்கு நேரே பிடியுங்கள். நட்சத்திரம் மாதிரிப் புள்ளி தெரிந்தால் ஓட்டை. எஸ்.எல்.ஆர். கேமராவில் ஷட்டருக்கு முன்னால் ஆடி நின்று மறைக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் ஆடி கிடையாது. லென்ஸ் சூரியனை நேராகத் துணியிலேயே குவித்துவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

4. ஷட்டர் வேகம். இன்றைய கைபேசிகளில் வினாடிக்கு 240 சட்டம் எடுக்கும் மெதுகாட்சி வசதி உண்டு. பின்பக்கம் திறந்து ஷட்டரைப் படம் பிடியுங்கள். 1 வினாடி வேகம் சரியாக இருந்தால் சுமார் 240 சட்டங்களில் ஒளி தெரியும். 1/30 வேகத்தில் சுமார் 8 சட்டம்.

5. கண் வைத்துப் பார்த்தல். உங்கள் லென்ஸுக்கு உரிய சட்டக்கோடு உங்கள் கண்ணுக்கு முழுதாகத் தெரிகிறதா? இதை உங்களுக்காக வேறு யாரும் பார்த்துச் சொல்ல முடியாது.

இனி முடிவுகள்.

ஸோர்க்கி 4 மூன்றிலும் விலை குறைவு. 1956 முதல் 1973 வரை லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. கண்பார்வைக்கு ஏற்ப வியூஃபைண்டரைத் திருத்தும் நெம்புகோல் இதில் உண்டு. ‘அப்பாடா, கண்ணாடியைக் கழற்றிவிடலாம்’ என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் எனக்கு சிலிண்டர் பவர். அந்தக் குறையை இந்த நெம்புகோல் சரிசெய்யாது. இதில் 35 மி.மீ. சட்டக்கோடும் இல்லை. 1 வினாடியில் வைத்தால் ஷட்டர் திறந்தபடியே நின்றுவிட்டது. துணியில் இரண்டு ஓட்டை. தாத்தா ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: “இதுல ஃபிலிமைச் சுத்தின பிறகுதான் வேகத்தை மாத்தணும். முன்னாடியே மாத்தினா உள்ள கெட்டுப்போகும்.”

கேனான் பி 1959இல் வந்தது. மூன்றிலும் இதுதான் அழகு. எல்லா வேகமும் சரி, கட்டமும் பளிச். பொருளை உள்ளபடி அளவில் காட்டுவதால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே படம் எடுக்கலாம். எனக்கு மனசு இதன்மேல்தான். ஆனால் 35 மி.மீ. கோடு வியூஃபைண்டரின் ஓரத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்ட எனக்கு எப்படி நகர்த்தினாலும் ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் போய்விடுகிறது. கையில் இருப்பதோ 35 மி.மீ. லென்ஸ்.

கேனான் 7 1961இல் வந்தது. எஃப் 0.95 என்ற அபூர்வமான லென்ஸ் வந்ததும் இந்தப் பாடிக்குத்தான். பார்ப்பதற்குக் கொஞ்சம் குண்டு. செலினியம் ஒளிமானி செத்துவிட்டது. எஃகுத் தகட்டு ஷட்டரில் சுருக்கம். ஃப்ளாஷ் மாட்டும் ஷூ இந்த மாடலிலேயே கிடையாது. ஆனால் கோபுரம் ஒன்றாகச் சேர்ந்தது. 1 வினாடியில் 250 சட்டம் வந்தது, அதாவது சுமார் 1.04 வினாடி. 35 மி.மீ. கோட்டில் மூன்று மூலை ஒரே பார்வையில் தெரிந்தது. தலையைக் கொஞ்சம் அசைத்தால் நாலாவதும் தெரிந்தது.

கேனான் 7ஐ எடுத்தேன்.

“மீட்டர் செத்துப்போச்சே தம்பி?” என்று தாத்தா சோதித்தார்.

“அதுக்கு வெயில் 16 விதி இருக்கே தாத்தா” என்றேன். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்தில் வரும் ஷட்டர் வேகம் வைத்தால் போதும். ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமுக்கு 1/125. மேகம் மூடினால் எஃப் 8. செத்த மீட்டரின் வேலையை மனக்கணக்கு செய்துவிடும். எஃகுத் தகட்டில் சுருக்கம் இருந்தாலும் ஒளி கசியாமல் ஓடினால் போதும், என்னை மாதிரி ஆள் வெயிலில் வைத்தாலும் துணி போல் எளிதில் பொசுங்காது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சட்டக்கோட்டுக்கு எந்தக் கணக்கும் உதவாது.

தாத்தா சிரித்தார். சொன்ன விலையிலிருந்து கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார். “மிச்சத்தை சர்வீஸுக்கு வச்சுக்கோ. பழைய கேமரா வாங்கறவன் மொத்தப் பணத்தையும் பாடியிலேயே போடக் கூடாது” என்றார்.

நண்பர்களே, குறையே இல்லாத பழைய பாடி கிடைக்காது. எந்தக் குறையை நாம் சமாளிக்கலாம், எதைச் சமாளிக்க முடியாது என்று பிரித்துப் பார்ப்பதே தேர்வு. அந்தப் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். கண்ணாடி போடாத என் நண்பன் போயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேனான் பியை எடுத்திருப்பான். அதுவும் சரிதான்.

மாமாவின் பழைய கேமரா மறுபடி பீரோவுக்குப் போகவில்லை. ஓட்டையில் கறுப்புத் துணிச்சாயம் தொட்டு அடைத்துக் கொடுத்தார் தாத்தா. இப்போது யாராவது வந்தால் மாமா அதை எடுத்துக் காட்டி, “இது லைக்கா இல்ல, ஆனா படம் நல்லா எடுக்கும்” என்கிறார். கேனானில் முதல் ரோல் 36 படமும் முடிந்தது. அதில் முதல் இரண்டு வராது, லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டேன். ரேஞ்ச்ஃபைண்டரில் மூடி போட்டிருந்தாலும் வியூஃபைண்டரில் எல்லாம் அழகாகத் தெரியும்! ரோலைக் கழுவக் கொடுத்திருக்கிறோம். நன்றாக வந்த ஒரு படத்தை அடுத்த இதழில் இதே இடத்தில் ஒட்டுகிறேன்.

செய்து பாருங்கள்: ஒரு ரேஞ்ச்ஃபைண்டரின் அடிநீளம் 41 மி.மீ. பொருள் 2 மீட்டர் தூரத்தில் இருந்தால் கோணம் எவ்வளவு? அதே பொருளுக்கு 59 மி.மீ. அடிநீளத்தில் எவ்வளவு? விடையை அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள்.



பதினோராம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்