கடையில் வேலை செய்பவருக்கு வருத்தம் வந்தால்

கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் வைத்தியம் இலவசம்தான். ஆனால் வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கேன், வெளியில் வாங்கும் மருந்து, மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் போய்வரும் வாகனக்கூலி என்று காசு கரைந்துவிடும். அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. புடவைக்கடை, அரிசி ஆலை, மருதமுனைத் தறி ஆகியவற்றில் வேலை செய்பவருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. அவருக்கு இருப்பவை ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) என்ற இரண்டு நிதிகள். அவற்றை இப்படிக் கையிலெடுங்கள்.

முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈ.பி.எஃப்.புக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிபடும். முதலாளி 12 வீதம் சேர்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈ.டி.எஃப்.புக்கான 3 வீதத்தையும் அவரே கட்ட வேண்டும். 30,000 ரூபாய் சம்பளமென்றால் உங்கள் பங்கு 2,400. அவர் பங்கு 3,600 உடன் 900. அவருடைய பங்கை உங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது. தற்காலிக வேலை, துண்டுக்கூலி என்பதெல்லாம் விலக்கல்ல.

சீட்டில் கழித்திருந்தால் மட்டும் போதாது. உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி, பணம் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று கணக்குக் கூற்றில் சரிபாருங்கள். சேரவில்லையென்றால் முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதிலில்லையென்றால் கல்முனைத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். வேலை செய்ததற்கு வரவுப் பதிவு, வங்கிச் சீட்டு, சக ஊழியரின் சாட்சி எதுவும் உதவும்.

“ஆருக்கும் வருத்தமெண்டா நாங்க பார்ப்பம்தானே” என்று சொல்லும் முதலாளிமார் நம் ஊரில் நிறைய. அது உண்மையும்கூட, எத்தனையோ குடும்பங்களை அந்தக் கை தூக்கிவிட்டிருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சிறு கடைக்காரருக்கு இந்த 15 வீதம் பாரம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனாலும் ஸதக்கா என்ற தர்மம் கொடுப்பவரின் விருப்பம், இந்த 15 வீதமோ உழைத்தவரின் கூலி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை நிறுத்துவது நியாயமில்லை.

பெரிய சிகிச்சை வந்தால் முதலில் ஈ.டி.எஃப்.பை நாடுங்கள். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை பொருத்துதல் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. அது போதாவிட்டால் ஈ.பி.எஃப்.பில் 30 வீதம் வரை எடுக்கலாம். 10 வருடப் பங்களிப்பும் குறைந்தது 300,000 ரூபாய் மிச்சமும் வேண்டும். அது கடனல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் முதுமைக்கு வைத்த பணம் அவ்வளவால் குறையும் என்பதால் அதைக் கடைசியாகத் தொடுங்கள்.

வேலையில் காயப்பட்டால் வழி வேறு: 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அன்றே முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் பெயர் பதியும்போது “வேலை செய்யும்போது பட்ட காயம்” என்று தெளிவாகச் சொல்லி எழுதச் செய்யுங்கள்.