கடல் வற்றும் நேரம்

நெதர்லாந்தின் வடக்கே ஒரு கடல் இருக்கிறது. நாள்தோறும் இருமுறை அதன் பெரும்பகுதி வற்றிவிடும். அப்போது மக்கள் அதன் தரையில் நடந்தே தீவுகளுக்குச் செல்வார்கள். அதன் பெயர் வாடன் கடல். நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளின் கரையோரமாக அது நீண்டு கிடக்கிறது. அதன் டச்சு, ஜெர்மானியப் பகுதிகளை யுனெஸ்கோ 2009ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. டென்மார்க்கின் பகுதி 2014இல் சேர்க்கப்பட்டது.

சேற்றில் நடக்கும் இப்பயணத்தை டச்சு மக்கள் 'வாட்லோப்பன்' என்பர். குரோனிங்கன் மாநிலத்தில் உள்ள பீட்டர்பியூரன் என்னும் சிற்றூர் இதற்குப் பெயர்பெற்றது. நீண்ட நடைக்கு விருப்பம்போல் யாரும் தனியே இறங்கிவிட முடியாது. உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் உடன் வரவேண்டும். கடல் வற்றத் தொடங்கிய பின்னர்க் குழு கரையை விட்டுப் புறப்படும். நீர் மீண்டும் ஏறுவதற்குள் அக்கரை சேர வேண்டும். இடையில் கிடைப்பது சில மணி நேரமே.

காலணி விஷயத்தில் புதியவர்கள் ஏமாந்துபோவார்கள். சேறுதானே என்று ரப்பர்ப் பூட்சு போட்டுக்கொண்டு வந்தால், கால் வெளியே வரும். பூட்சு சேற்றுக்குள்ளேயே நின்றுவிடும்! கணுக்கால்வரை இறுகக் கட்டக்கூடிய துணிக்காலணியே இதற்கு ஏற்றது.

வழிகாட்டியின் கையில் நீண்ட கோல் ஒன்று இருக்கும். வற்றிய கடலிலும் ஆழமான ஓடைகள் எஞ்சியிருக்கும். கோலை ஊன்றி ஆழத்தை அறிந்த பிறகே அவர் குழுவை இறங்கவிடுவார். சில ஓடைகளில் இடுப்பளவு நீரில் நடக்க வேண்டியிருக்கும். இந்த ஓடைகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. புயலும் நீரோட்டமும் அவற்றை இடம் மாற்றிவிடும். போன ஆண்டு நடந்த வழி இந்த ஆண்டு உதவாமல் போகலாம். மூடுபனி இறங்கினாலோ கரையும் தெரியாது, தீவும் தெரியாது. அப்போது திசைகாட்டி துணையாகும்.

ஆபத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் காலடியில் இருப்பதைக் காணத் தவறிவிடுவோம். சேற்றின்மீது எங்குப் பார்த்தாலும் இடியப்பம் பிழிந்து வைத்ததுபோல் சிறுசிறு மணற்குவியல்கள் தெரியும். அவை மணற்புழுக்களின் வேலை. புழு மணலை விழுங்கி, அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு, எஞ்சிய மணலை மேலே தள்ளிவிடுகிறது. புழுக்களும் மட்டிகளும் சிறு நத்தைகளும் நிறைந்த இந்தச் சேற்றை நம்பித்தான் ஆர்க்டிக் பகுதிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே பறக்கும் பல இலட்சம் பறவைகள் இங்கே இறங்குகின்றன. சிங்கப்பூரின் சுங்கை பூலோவுக்குச் சென்றவர்கள் இத்தகைய காட்சியைக் கண்டிருப்பார்கள். அங்கும் கடல் வற்றும் நேரமே பறவைகளின் உணவு வேளை.

நெதர்லாந்து மக்கள் இயற்கையை நடந்து பார்க்கக் கற்றுக்கொண்டதில் ஆசிரியர்கள் இருவருக்குப் பெரும் பங்கு உண்டு. யாக். பி. தெய்ஸ, ஏலி ஹைமன்ஸ் ஆகிய இருவரும் ஆம்ஸ்டர்டாமில் பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள். புத்தகத்தில் இருக்கும் பறவையைவிட வேலியில் இருக்கும் பறவையே மாணவர்களுக்குப் பாடம் என்று அவர்கள் கருதினார்கள்.

1904ஆம் ஆண்டில் ஒரு செய்தி வந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே நார்டர்மீர் என்னும் ஏரி இருக்கிறது. நாணல் சூழ்ந்த அந்த ஏரியில் துடுப்பைப் போன்ற அலகுடைய கரண்டிவாயன் பறவைகள் கூடு கட்டி வாழ்ந்தன. நகரின் குப்பையை அந்த ஏரியில் கொட்டலாம் என்று ஒரு திட்டம் நகர மன்றத்திற்கு வந்தது. அந்தக் காலத்தில் சதுப்புநிலத்தைப் பயனற்ற நிலம் என்றே பலர் நினைத்தனர். ஆகவே, அத்திட்டம் பலருக்கு நியாயமாகவே தோன்றியிருக்கும். தெய்ஸ அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். வாக்கெடுப்பில் திட்டம் தோற்றது; ஆனால், மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில்தான் தோற்றது.

அடுத்த முறை என்ன ஆகுமோ என்ற அச்சம் இருந்தது. எனவே, 1905இல் இயற்கையைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அச்சங்கம் ஏரியை விலைக்கு வாங்கிவிட்டது. தெய்ஸ அதோடு நிற்கவில்லை. வெர்காடே என்னும் நிறுவனம் தன் பிஸ்கட் பொட்டலங்களில் வண்ணப் படங்களை வைத்துக் கொடுத்தது. அப்படங்களை ஒட்டுவதற்கான தொகுப்பு நூல்களுக்கு அவரே விளக்கம் எழுதினார். பிஸ்கட் தின்ற குழந்தைகள் பறவைகளின் பெயர்களையும் கற்றுக்கொண்டார்கள். இன்று அந்த ஏரியில் வழிகாட்டியுடன் படகில் செல்லலாம். நாணலுக்கு அப்பால் தொடர்வண்டி ஓடும் ஓசையும் கேட்கும்.

ஏரியை விலைக்கு வாங்கிக் காக்கலாம். வயலை என்ன செய்வது? அது விவசாயியின் பிழைப்பு அல்லவா?

கருவால் மூக்கன் என்னும் பறவையை டச்சு மக்கள் 'குருட்டோ' என்று அழைப்பர். அது எழுப்பும் குரலே அதற்குப் பெயராகிவிட்டது. 2015இல் அது அந்நாட்டின் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஈரப்பதமான புல்வெளியில், தரையிலேயே பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடும். 1960களில் ஏறத்தாழ 120,000 இணைகள் அங்கே இருந்தன. இப்போது அவற்றில் நான்கில் ஒரு பங்கே எஞ்சியிருக்கிறது.

காரணம் புல்தான். கறவை மாடுகளுக்குச் சத்தான தீவனம் வேண்டும் என்பதற்காக வயலின் நீரை வடித்து, ஒரே வகைப் புல்லை வளர்க்கிறார்கள். அது விரைவாக வளர்வதால் மே மாதத்திலேயே இயந்திரம் புல் அறுக்க வந்துவிடும். அப்போது பறவை அடைகாத்துக்கொண்டிருக்கும்.

இளவேனிற்காலத்தில் தன்னார்வலர்கள் விவசாயியின் அனுமதியுடன் வயலில் இறங்கிக் கூடுகளைத் தேடுகிறார்கள். கூட்டைக் கண்டதும் அதற்குச் சற்றுத் தள்ளிக் குச்சிகளை நட்டு அடையாளம் வைப்பார்கள். கூட்டை ஒட்டி நட்டால் காகத்துக்கும் நரிக்கும் அதுவே வழிகாட்டியாகிவிடும் அல்லவா? இயந்திரம் ஓட்டுபவர் குச்சியைக் கண்டதும் சுற்றிச் செல்வார். புதியவர்களுக்கு அனுபவசாலிகள் முதலில் கற்றுத்தருவது, கூட்டருகே நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது என்பதைத்தான்.

ஆனால், குச்சியால் முட்டையை மட்டுமே காக்க முடியும். பொரித்த குஞ்சு ஒரு நாளுக்குள் கூட்டை விட்டு வெளியேறிவிடும். தாய் அதற்கு ஊட்டாது; தானே பூச்சிகளைத் தேடித் தின்ன வேண்டும். பறக்கக் கற்பதற்கு மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். சுற்றிலும் புல் அறுக்கப்பட்ட வயலில் பூச்சியும் இல்லை, பருந்தின் கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. குஞ்சுகள் பிழைக்க வேண்டுமானால் ஜூன் மாத நடுப்பகுதிவரை புல்லை விட்டுவைக்க வேண்டும். அதற்குள் புல் முற்றிச் சத்து குறைந்துவிடும். அந்த இழப்பை விவசாயி மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? தாமதமாக அறுப்பவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் வரப்போரத்தில் ஒரு பட்டை நிலத்தை மட்டும் அறுக்காமல் விடுகிறார்கள். வேறு சிலரோ, பாலின் விலையைச் சுட்டிக்காட்டித் தலையசைத்து மறுத்துவிடுகிறார்கள்.

ஜூலை மாதத்தில் மூக்கன்கள் கூட்டமாகத் தெற்கே புறப்படுகின்றன. பல, மேற்கு ஆப்பிரிக்காவின் நெல்வயல்கள்வரை செல்லும். மார்ச் மாதத்தில் அவை மீண்டும் அதே புல்வெளிக்கு வரும்போது தன்னார்வலர்கள் குச்சிகளோடு வயலுக்குத் திரும்பியிருப்பார்கள்.