வீட்டுக்குள்ளும் நன்றி சொல்லுங்கள்

கல்யாணமாகி நாலைந்து வருஷம், இடுப்பில் ஒன்று, எல்கேஜியில் ஒன்று என்று ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆலயத்தில் மூன்று ஞாயிறு உங்கள் பெயரை வாசித்தபோது நானும் உட்கார்ந்து கேட்டவள்தான். அதற்கு முன்பே போதகர் ஐயா உங்கள் இருவரையும் அழைத்து எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை விளக்கியிருப்பார். அந்த அதிகாரத்தில் கைக்குழந்தை கிடையாது. பிள்ளைகள் ஆறாம் அதிகாரத்தில்தான் வருகிறார்கள். அவர்களும் பெற்றோருக்குக் கீழ்ப்படிகிற வயதுக்கு வந்துவிட்டவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வீறிட்டு அழுகிறவர்களை வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் எப்படி அன்பாக இருப்பது என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. வயதானவள் என்ற உரிமையில் நான் சொல்லுகிறேன்.

1. நன்றியை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நம் ஜனங்களுக்கு நன்றி சொல்லத் தெரியாது என்று யாரும் குறைகூற முடியாது. பிறந்தநாளுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை, வீடு கட்டினால் ஸ்தோத்திர ஜெபம், வேலை கிடைத்தால் அதற்கும் ஒரு கவர். இவ்வளவும் கர்த்தருக்கு. பக்கத்தில் இருக்கிற மனுஷிக்கு? குடும்ப ஜெபத்தில் ‘நல்ல துணையைத் தந்தீரே’ என்று கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொல்லுவார் வீட்டுக்காரர். அவள் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டியபடி பாதி ஜெபத்தில் தூங்கிப் போயிருப்பாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த பிறகு அவளிடம் ஒரு வார்த்தை வராது.

‘நீ ரொம்ப நல்லவ’ என்று மொத்தமாகச் சொல்வதில் சத்து இல்லை. ‘பிள்ளைக்குக் காய்ச்சல்னு நேத்து ராத்திரி பூரா நீதான் முழிச்சிருந்தே. இன்னைக்கு நான் பாத்துக்கிடுதேன், நீ தூங்கு’ என்று சொல்லிப் பாருங்கள். நடந்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால்தான், கவனித்தீர்கள் என்று அவளுக்குத் தெரியும். நீதிமொழிகள் 31-ஐப் பெண்கள் ஞாயிறு வந்தால் தவறாமல் எடுப்பார்கள். குணசாலியான ஸ்திரீ எப்படி இருக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் நடக்கும். இருட்டோடு எழுந்திருக்கிறாள், கம்பளி நெய்கிறாள், திராட்சத் தோட்டம் நாட்டுகிறாள் என்று அவள் செய்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்ன அந்த அதிகாரம், 28-ஆம் வசனத்தில் பிள்ளைகளையும் புருஷனையும் எழுப்பி அவளைப் புகழ வைக்கிறது. அந்த வசனம் ஆண்களுக்கு உரியது. அதை வைத்து ஆண்கள் ஐக்கியத்தில் ஒரு பிரசங்கம் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

2. தம்பிமாரே, பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் திரும்பி வருகிற நாளுக்குத் தயாராகுங்கள். இது பெரிய விஷயம். நாம் சாதாரணமாகக் கடந்துபோகிறோம். ஏழாம் மாதத்தில் போகிறாள். குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகு வருகிறாள். அதுவரை நீங்கள் சனிக்கிழமை பஸ்ஸில் ஆப்பிள் பையோடு போய், ஞாயிறு சாயங்காலம் திரும்பிய விருந்தாளி. குழந்தை எந்த அழுகைக்குப் பசிக்கிறது, எதற்கு வயிறு வலிக்கிறது என்பது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இப்போது அவள் தன் அம்மாவை விட்டுவிட்டு, வேறொருவர் அடுப்படியை ஆளுகிற வீட்டுக்குள் வருகிறாள். ‘பேரன் வந்துட்டான்’ என்று எல்லாரும் குழந்தையைத் தூக்க ஓடுவார்கள். பெற்றவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வருவாள். நீங்களாவது முதலில் அவளிடம் போங்கள்.

அவள் வருமுன்பே தொட்டில் கட்டக் கொக்கி இருக்கிறதா, துணி காயப்போட இடம் எது, ராத்திரி வெந்நீருக்கு என்ன வழி என்று பார்த்து வையுங்கள். முதல் வாரம் லீவு போடுங்கள். உறவுக்காரர்களை இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லுங்கள்; கோபப்பட்டால் படட்டும்.

எல்க்கானாவை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை இல்லாமல் அன்னாள் அழுதபோது, பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்று ஆறுதல் சொன்னவர் அவர். நல்ல மனுஷர், ஆனால் அந்தப் பேச்சில் அவள் கண்ணீர் நிற்கவில்லை. சாமுவேல் பிறந்த பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடிக்கும். வருஷந்தோறும் குடும்பத்தோடு சீலோவுக்குப் போய்ப் பலியிடுவது அவர்கள் வழக்கம். பிள்ளை பால் மறக்கும்வரை நான் வரவில்லை என்கிறாள் அன்னாள். உனக்கு எது நல்லதென்று தோன்றுகிறதோ அப்படியே செய் என்று விடுகிறார் எல்க்கானா (1 சாமுவேல் 1:23). பால் கொடுக்கிற தாய்க்காக ஆண்டவருடைய ஆலயத்துக்குப் போகிற வழக்கமே தளர்ந்து கொடுத்திருக்கிறது. ஆகவே மூன்று மாதக் குழந்தையோடு உபவாசக் கூட்டத்துக்கு வரவில்லை என்று அவளுடைய பக்தியை அளக்காதீர்கள், மற்றவர்கள் அளக்கவும் விடாதீர்கள்.

இன்னொன்று. பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு வாரம் காரணம் தெரியாமல் அழுகை வருவது பல தாய்மாருக்கு உண்டு; அது தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கமில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்கிறாள் என்றால் அது வியாதி. உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். விசுவாசக் குறைவு, பிசாசின் போராட்டம் என்று சொல்லுகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். ஜெபமும் பண்ணுங்கள், மாத்திரையும் கொடுங்கள்.

3. ‘உதவி செய்யுறேன்’ என்று சொல்லாதீர்கள். யாருடைய வீட்டில் யாருக்கு உதவி? சின்னதாக ஒரு வேலையை எடுத்து, அதை முழுவதும் உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளலாம். பிறந்தவுடன் போடுவது, பிறகு 6, 10, 14 வாரங்களில், 9 மாதம் முடிந்ததும், ஒன்றரை வயதை ஒட்டி, மறுபடி 5 வயதில் என்று வரிசையாக இருக்கிறது. அந்தத் தேதிகளை ஞாபகம் வைப்பது, அலுவலகத்தில் பெர்மிஷன் சொல்வது, ஊசி போடும்போது குழந்தையைப் பிடிப்பது, அன்று ராத்திரி காய்ச்சலுக்கு விழித்திருப்பது, நாலும் சேர்ந்ததுதான் அந்த வேலை. அவள் ஞாபகப்படுத்தி நீங்கள் வண்டி மட்டும் ஓட்டினால் பாதிச் சுமை இன்னும் அவள் தலையில்தான் இருக்கிறது.

4. ஞாயிறு காலை. கிறிஸ்தவ வீடுகளில் வாரத்திலேயே அதிகமான சண்டை நடக்கிற நேரம் ஆராதனைக்கு முந்தின ஒரு மணி நேரம்தான். அவர் குளித்து, சட்டை மாட்டி, வேதப்புத்தகத்தோடு வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஹாரன் அடிப்பார். உள்ளே அவள் ஒரு கையில் சேலை மடிப்பும் மறு கையில் பிள்ளையின் சாக்ஸுமாக நிற்பாள். சட்டம் எளிது: முதலில் கிளம்பியவர் பிள்ளையைக் கிளப்ப வேண்டும். ஆணும் பெண்ணும் தனித்தனியாக உட்காருகிற ஆலயங்களில் அழுகிற குழந்தை எப்போதும் பெண்கள் பக்கமே போகிறது. ஆண்கள் பக்கமும் உட்காரவைக்கலாம், ஒன்றும் ஆகாது. மாதத்துக்கு ஒரு ஞாயிறாவது அவள் பிரசங்கத்தை முழுதாகக் கேட்டு வீட்டுக்குப் போகட்டும்.

5. மகளே, உனக்கும் ஒரு வார்த்தை. அவர் பிள்ளைக்கு நாப்கின் மாற்றினால், நீ போய் அவிழ்த்துத் திரும்பக் கட்டாதே. சட்டையைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டாலும் போகட்டும். திருத்திக்கொண்டே இருந்தால் ‘அப்ப நீயே செய்’ என்று விலகிவிடுவார், பிறகு வரமாட்டார். அம்மாவுக்குப் போன் போட்டு அவருடைய குறைகளைப் பேசுகிற வழக்கம் வேண்டாம். நீ மறந்த பிறகும் உன் அம்மா மறக்கமாட்டார்கள். இஎம்ஐ கட்டுகிற தேதி நெருங்கும்போது அவர் முகம் மாறுவதைக் கவனித்திருக்கிறாயா? ‘சமாளிச்சிருவோம்’ என்று அன்றைக்குச் சொல். சாப்பாடு வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் எதிரில் உட்கார். எபேசியர் ஐந்து முடிகிற இடத்தில் மனைவிக்குச் சொல்லியிருக்கிற மரியாதை இந்த மாதிரிக் காரியங்களில்தான் வெளிப்படும்.

6. பெரியவர்கள் இருக்கிற வீட்டில், அவர்கள் காதுபட மனைவியைப் பாராட்டுங்கள். தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடு இசைந்திருக்கச் சொன்ன ஆதியாகம வசனம் ஆணைப் பார்த்துத்தான் பேசுகிறது. நம் ஊரில் பெண்தான் அதை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறாள். அதே மூச்சில், பகலெல்லாம் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அந்த அறுபது வயதுக்காரிக்கும் முதுகு வலிக்கும் என்பதை இருவரும் மறக்க வேண்டாம்.

7. படுக்கையறை பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பாட்டி இதையெல்லாம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள், உன்னதப்பாட்டு வேதத்துக்குள்தான் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் காட்டி, உடம்பு ஆறிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சரி என்று சொன்னாலும் அது மருத்துவர் சம்மதம்தான். அவளுடைய சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். 1 கொரிந்தியர் 7-ஐ மனைவியின் கடமைக்கு மட்டும் ஆதாரமாக எடுக்கிறவர்கள், அதிலேயே புருஷனுடைய சரீரத்தின்மேல் மனைவிக்கு அதிகாரம் உண்டு என்று பவுல் எழுதியிருப்பதையும், பிரிந்திருப்பதானாலும் இருவரும் ஒத்துக்கொண்டே செய்ய வேண்டும் என்று சொல்லியிருப்பதையும் சேர்த்து வாசிக்கட்டும். நாள் முழுதும் ஒரு குழந்தை மேலே தொங்கிக்கொண்டிருந்தவளுக்கு ராத்திரி இன்னொரு கை பட்டாலே அலுப்பாக இருக்கலாம். அது உங்கள் மேல் வெறுப்பு இல்லை. காலைப் பிடித்துவிடுங்கள், தலைக்கு எண்ணெய் வைத்துவிடுங்கள், அதற்குப் பதிலாக எதையும் எதிர்பார்க்காமல்.

8. சூரியன் அஸ்தமிக்குமுன் கோபம் தணிய வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டு, நடுராத்திரியில் நியாயம் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். தூக்கம் கெட்ட இரண்டு பேர் பேசினால் சண்டை வளரும். ‘காலையில பேசுவோம், நான் உன்மேல கோபமா இல்லை’ என்று சொல்லிவிட்டுப் படுங்கள். பிள்ளைகள் பார்க்கச் சண்டை போட்டிருந்தால், மன்னிப்பையும் பிள்ளைகள் பார்க்கக் கேளுங்கள்.

கை நீட்டுவது சண்டைக் கணக்கில் சேராது. புருஷன் அடித்தால், பொறுமையாயிரு, ஜெபம் பண்ணு, குடும்பம் உடையக்கூடாது என்று பெண்ணை அவனிடமே திருப்பி அனுப்புகிற பெரியவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதே, மகளே. மனைவியிடம் கசந்துகொள்ளவே கூடாது என்று கொலோசெயர் 3:19-இல் இருக்கிறது, அடிப்பதற்கு எங்கே இடம்? 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கிறிஸ்தவப் பெண்களுக்கும் உண்டு. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் பெண்களுக்கு உதவி கிடைக்கும். எண்ணை மனப்பாடம் பண்ணி வை.

9. கல்யாண நாளுக்கு ஆலயத்தில் முன்னால் போய் நின்று ஜெபம் பண்ணிக் காணிக்கை போடுவீர்கள். நல்ல வழக்கம், விடாதீர்கள். அன்று மத்தியானம் பிள்ளைகளைப் பூங்காவுக்கோ தாத்தா வீட்டுக்கோ நீங்கள் கூட்டிக்கொண்டு போய், அவளை இரண்டு மணி நேரம் தூங்க விடுங்கள். பட்டுச்சேலையைவிட அதைத்தான் அவள் விரும்புவாள். சந்தேகமிருந்தால் கேட்டுப் பாருங்கள். பரிசு வாங்கப் பணமில்லாத வருஷத்திலும் இதைச் செய்யலாம். ஆனால் அவள் நகையை அடகு வைத்து அவளுக்கே பரிசு வாங்குகிற கூத்து வேண்டாம்.

10. கடைசியாக, சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கு. பாடகர் குழு, வாலிபர் சங்கம், விபிஎஸ், கன்வென்ஷன் பந்தல் வேலை என்று எதை எடுத்தாலும் முப்பது வயது ஆண்களைத்தான் கூப்பிடுகிறீர்கள். டிசம்பர் பிறந்தால் கேரல் ரவுண்டு. இரவு ஒரு மணிக்கு டிரம்மோடு வந்து தூங்குகிற குழந்தைகளையும் எழுப்பிவிட்டு, ஒரு குழந்தையின் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறீர்கள். வர மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது, ஊழியம் என்கிறீர்களே. உபாகமம் 24:5-ஐ எடுத்துப் பாருங்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவன் யுத்தத்துக்குப் போக வேண்டாம், எந்தப் பொதுவேலையும் அவன்மேல் சுமத்த வேண்டாம், ஒரு வருஷம் வீட்டில் இருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று இஸ்ரவேலின் நியாயப்பிரமாணமே விடுதலை கொடுத்திருக்கிறது. யுத்தத்துக்கே விலக்கு இருந்தது என்றால் கேரல் ரவுண்டுக்கு இருக்கக்கூடாதா? அந்த விலக்கைக் கைக்குழந்தை உள்ள தகப்பன்மாருக்கும் கொடுங்கள். ஒரு வருஷம் அவர்களை எந்தக் கமிட்டியிலும் போடாதீர்கள். அடுத்த சேகரக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், கை தூக்க நான் வருகிறேன்.