மலை யாருடையது?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய நம் ஊர்களில் ஏரிகள் உண்டு, மலைகள் இல்லை. மலையேறும் ஆசை எழுந்தால் பரங்கிமலைக்கோ, பூண்டிக்கு அப்பாலுள்ள குன்றுகளுக்கோ செல்ல வேண்டும். பரங்கிமலையில் படிகள் இருக்கின்றன. திருத்தலத்தை நாடி யாவரும் ஏறுகின்றனர். ஆனால் எல்லா மலைகளும் அப்படிப்பட்டவையா? "பாறை இறைவன் படைத்தது, அதில் ஏற யாரைக் கேட்க வேண்டும்?" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இக்கேள்விக்கு விடை தேடுவோம்.

நிலமும் உரிமையும்

நம் நாட்டில் உரிமையாளர் இல்லாத பாறை அரிது. ஒருவருடைய வயலிலோ தோப்பிலோ நிற்கும் பாறை பட்டா நிலத்தைச் சேர்ந்தது. ஊருக்குப் பொதுவாக விடப்பட்ட குன்று புறம்போக்கு, அது அரசுக்குரியது. காப்புக்காட்டிலுள்ள மலை வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே அனுமதியின்றி நுழைவதை 1882ஆம் ஆண்டின் வனச்சட்டமே தடுக்கிறது. மாமல்லபுரத்துப் பாறைகள் போன்றவற்றைத் தொல்லியல் துறை காக்கிறது. ஒரே நாள் நடையில் ஒருவருடைய மாந்தோப்பையும், ஊர்ப் புறம்போக்கையும், காப்புக்காட்டையும் நாம் கடந்துவிடலாம். வேலி கண்ணில் படவில்லை என்பதால் எல்லை இல்லை என்று பொருளாகாது.

நமக்கு அண்மையில் ஒரு சான்று

திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டிக்கு அருகேயுள்ள காட்டில் குடியம் குகைகள் இருக்கின்றன. 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் முதலில் பல்லாவரத்திலும், பின்னர் பூண்டியை அடுத்த அத்திரம்பாக்கத்திலும் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டார். குடியத்திலும் அகழாய்வில் கற்கருவிகள் கிடைத்தன. அங்குள்ள பாறை, கூழாங்கற்கள் இறுகிச் சேர்ந்தது. பிடித்து ஏறினால் கல் பெயர்ந்து கையோடு வரக்கூடும். ஏறுபவருக்கும் ஆபத்து, பழைமைக்கும் அழிவு. ஆகவே அங்கே கண்டு மகிழலாமே தவிர, சுவரில் ஏறலாகாது. 2024ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளுள் குடியமும் ஒன்று. முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் செல்ல வேண்டும்.

குரங்கணி தந்த பாடம்

"இத்தனை கட்டுப்பாடு எதற்கு?" என்று கேட்கலாம். தேனி மாவட்டத்தில் கொழுக்குமலை இருக்கிறது. உச்சியில் தனியார் தேயிலைத் தோட்டம்; சரிவில் காடு; அடிவாரத்தில் குரங்கணி கிராமம். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், அச்சரிவில் இறங்கி வந்த மலையேற்றக் குழுவினரை உலர்ந்த புல்லில் பரவிய தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் உயிரிழந்தனர். சென்னையிலிருந்து சென்ற இளம்பெண்கள் பலரும் அக்குழுவில் இருந்தனர். அதன் பின்னர் அவ்வாண்டிலேயே மலையேற்றத்துக்கு அரசு விதிகளை வகுத்தது. எத்தனை பேர், எந்த வழியில், யாருடன் சென்றனர் என்பது ஒருவருக்காவது தெரிந்திருந்தால்தான், ஆபத்து வேளையில் உதவி விரைந்து வரும். அனுமதிச் சீட்டு வெறும் காகிதம் அன்று. அது நம்மைத் தேடி வருவோருக்கு வழிகாட்டும் குறிப்பு.

இரு தரப்பு நியாயங்கள்

நில உரிமையாளரின் அச்சத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பயிர் மிதிபடுமோ, திறந்த படல் வழியே ஆடுமாடுகள் வெளியேறுமோ, விழுந்து அடிபட்டவர் தம்மீது வழக்குத் தொடுப்பாரோ என்று அவர் கவலைப்படுகிறார். ஒரு குழு விட்டுச் சென்ற குப்பைக்காக, அடுத்த குழுவுக்கு வழி அடைபடுவதும் உண்டு.

ஆனால் உரிமையாளர் அடைப்பதெல்லாம் நியாயமாகிவிடுமா? இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலத்தைப் பறவை வேட்டைக்காகச் செல்வர்கள் அடைத்து வைத்திருந்தனர். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொழிலாளர் பலர் திரண்டு அதில் நடந்தனர். சிலர் சிறை சென்றனர். இத்தகைய முயற்சிகள் தொடர்ந்ததன் பயனாக, 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மேட்டு நிலங்களில் மக்கள் நடக்க உரிமை அளித்தது.

ஆஸ்திரேலியாவிலோ கதை வேறு. உலுரு என்னும் பெரும் பாறை அங்குள்ள அனங்கு பழங்குடியினருக்குப் புனிதமானது. 1985ஆம் ஆண்டில் அந்நிலம் அவர்களுக்கே திருப்பித் தரப்பட்டது. ஏற வேண்டாம் என்று அவர்கள் பல்லாண்டு வேண்டினர். 2019ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் அதில் ஏறுவது முற்றிலும் தடைசெய்யப்பட்டது. ஓரிடத்தில் வழி திறந்தது நியாயம். மற்றோரிடத்தில் வழி அடைந்ததும் நியாயம். அந்நிலத்தோடு வாழ்வோர் யார், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்ட பின்னரே எது நியாயம் என்பது விளங்கும்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. நிலம் யாருடையது என்று ஊராரிடமும் வனத்துறையிடமும் முதலில் கேட்டறிதல்.
2. உரிமையாளரை நேரில் கண்டு, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று சொல்லி அனுமதி பெறுதல்.
3. "வேண்டாம்" என்று அவர் சொன்னால் நன்றி கூறித் திரும்புதல்.
4. திறந்த படலைச் சாத்துதல், தீ மூட்டாதிருத்தல், பாறையில் பெயர் எழுதாதிருத்தல், ஆணி அடிக்காதிருத்தல்.
5. பயிற்சி பெற்றவரோடு மட்டுமே ஏறுதல். திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிச் செல்லுதல்.

தோழியரே! பெண்பிள்ளைகளுக்கு மலையேற்றம் எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். நம் துணிவோடு நம் ஒழுக்கத்தையும் கண்டால் அவர்கள் மனம் மாறுவர். நாம் மரியாதையோடு கேட்டுப் பெறும் வழி, நாளை நம் தங்கையருக்கும் திறந்திருக்கும். ஆதலால் கேட்டு ஏறுவோம், காத்து இறங்குவோம்!